யு.டி.எம். இயந்திரத்தில் நிறுத்தமும் வேக வரம்பும்: ஆய்வகப் பணியாளருக்கான முழுமையான வழிகாட்டி

கம்பியை இழுத்து அறுக்கும் நேரத்தைவிட, அறுப்பதற்காக அதைப் பிடிகளுக்கிடையே பொருத்தும் நேரத்தில்தான், பொருள்களை இழுத்தும் அழுத்தியும் வலிமையைச் சோதிக்கும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் எனப்படும் யு.டி.எம். கையைக் கடிக்கிறது. சோதனைக்கூடத்தில் பலரும் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதிரி முறியும்போது எழும் சத்தம் அச்சத்தை உண்டாக்குவதால் அப்போது எல்லோரும் தள்ளி நிற்கிறார்கள். பிடியைச் சுமந்து நகரும் குறுக்குச் சட்டமான கிராஸ்ஹெட்டை மேலும் கீழும் நகர்த்தி இடைவெளியைச் சரிசெய்யும்போதோ, விரல்கள் கிரிப்பு எனப்படும் பிடிக்குள்ளேயே இருக்கும் நிலையில் பேசிக்கொண்டே பொத்தானை அழுத்துகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். உலோகங்களின் இழுவிசைச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 6892-1 தரம் (இந்தியாவில் ஐ.எஸ். 1608 பகுதி 1) திரிபு வேகத்தை (மாதிரி தன் நீளத்தில் நொடிக்கு எத்தனை பங்கு நீளுகிறது என்பதை) கட்டுப்படுத்தும் முறையில், விளைவு வலிமையை (மாதிரி நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலையை) அளக்க நொடிக்கு 0.00025 என்ற திரிபு வேகத்தையும், அதன்பின் உச்ச வலிமைக்கு நொடிக்கு 0.0067 என்ற வேகத்தையும் பரிந்துரைக்கிறது. மாதிரியின் இணைநீளம் (நடுவில் ஒரே தடிமனுள்ள பகுதியின் நீளம்) 100 மி.மீ. என்றால், இவை முறையே நிமிடத்துக்கு 1.5 மி.மீ., 40 மி.மீ. அளவிலான கிராஸ்ஹெட் நகர்வுக்குச் சமம். அதே இயந்திரத்தின் ஜாக் (jog) பொத்தானை, அதாவது கிராஸ்ஹெட்டைக் கையால் நகர்த்தும் பொத்தானை, முழுமையாக அழுத்தினால் கிராஸ்ஹெட் நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்திலோ அதற்கு மேலோ ஓடும். சோதனையில் நடக்கும் எந்த நகர்வையும்விடப் பத்து மடங்குக்கு மேல் விரைவான ஒரு நகர்வு, கை உள்ளே இருக்க வேண்டிய நேரத்தில் நடக்கிறது. ரப்பர் சோதிப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுக்குச் சோதனை வேகமே நிமிடத்துக்கு 500 மி.மீ.

எனவே நிறுத்தத்தையும் வேக வரம்பையும் தனித்தனிப் பொருள்களாகப் பார்க்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. எந்த நிறுத்தச் சாதனமும் கட்டளை கிடைத்த அதே கணத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடுவதில்லை. அது எவ்வளவு தூரம் தாண்டிப்போய் நிற்கும் என்பதை, நிறுத்தத்துக்கு முன்பு இருந்த வேகமே தீர்மானிக்கிறது. கீழே உள்ள படிகள் இரட்டைத் தூண் கொண்ட, சர்வோ மோட்டாரும், கிராஸ்ஹெட்டை ஏற்றி இறக்கும் பால் ஸ்குரூ (ball screw) என்ற திருகுத் தண்டும் உள்ள இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; கல்லூரி ஆய்வகங்களிலும் கட்டுமானப் பொருள் சோதனைக்கூடங்களிலும் காணப்படும் ஹைட்ராலிக் இயந்திரத்துக்குத் தனிப் பகுதி உண்டு.

படி 1: இயந்திரத்தில் உள்ள நிறுத்தங்களைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வாருங்கள். கிராஸ்ஹெட்டை நிற்கவைக்கக்கூடிய ஒவ்வொன்றையும் எழுதி, அது எதை வெட்டுகிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் வடிவில் இருப்பது எமர்ஜென்சி ஸ்டாப். ஐ.எஸ்.ஓ. 13850 தரத்தின்படி அது அழுத்தியதும் பூட்டிக்கொள்ள வேண்டும். திருப்பி விடுவித்தால் மட்டும் இயந்திரம் தானாக மீண்டும் ஓடத் தொடங்கக் கூடாது, அதற்கென ஒரு தனிச் செயல் தேவைப்பட வேண்டும். கணினித் திரையில் உள்ள 'ஸ்டாப்' பொத்தான் இதற்கு ஈடாகாது. அது மென்பொருள், கேபிள், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய மூன்றும் ஒழுங்காக வேலை செய்தால்தான் இயங்கும். திரை உறைந்துபோன நேரத்தில் பயன்படாது. சோதனையை வழக்கமாக முடிக்க அதைப் பயன்படுத்தலாம், பாதுகாப்புக்கு அதை நம்பக் கூடாது.

நிறுத்தம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இயந்திரத்தின் கையேட்டில் தேடிப் பாருங்கள். ஐ.இ.சி. 60204-1 தரம் மூன்று வகைகளைச் சொல்கிறது. வகை 0 என்பது மின்சக்தியை உடனே துண்டிப்பது. வகை 1 என்பது மோட்டாரைக் கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டு அதன்பின் சக்தியைத் துண்டிப்பது. வகை 2 என்பது நின்றபிறகும் சக்தியை விட்டுவைப்பது. அவசர நிறுத்தத்துக்கு முதல் இரண்டும்தான் அனுமதிக்கப்பட்டவை. உடனே துண்டிப்பதே மேலானது என்று தோன்றினாலும் எப்போதும் அப்படியில்லை. சக்தி போன மோட்டார் தன் சுழல்வேகத்தில் சிறிது ஓடும், இயந்திர பிரேக் பிடிக்கவும் சற்று நேரம் ஆகும். டிரைவே (மோட்டாரை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாடே) எதிர்விசை கொடுத்து நிறுத்தும் வகை 1 பல இயந்திரங்களில் குறைந்த தூரத்தில் நிற்கவைக்கும். புதிய டிரைவ்களின் கையேட்டில் எஸ்.டி.ஓ., எஸ்.எஸ்.1, எஸ்.எல்.எஸ். என்ற குறிகள் இருக்கும். இவை ஐ.இ.சி. 61800-5-2 தரத்தில் வரும் பாதுகாப்புச் செயல்பாடுகள்: முதலாவது முறுக்குவிசையை நீக்குவது, இரண்டாவது கட்டுப்பாட்டோடு நிறுத்திப் பின் நீக்குவது, மூன்றாவது குறித்த வேகத்தைத் தாண்டவிடாமல் கண்காணிப்பது. கடைசியாகச் சொன்னது உங்கள் இயந்திரத்தில் உண்டா என்பதை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். மென்பொருளில் எண்ணாக மட்டும் எழுதப்பட்ட வேக வரம்புக்கும், டிரைவே தனியாகக் கண்காணிக்கும் வேக வரம்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம், ஒரு கோளாறும் அதைத் தாண்டிப் போகலாம்.

அடுத்து, தூணோரத்தில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய கம்பியையும் அதில் திருகாணியால் இறுக்கப்பட்ட இரண்டு வளையங்களையும் பாருங்கள். கிராஸ்ஹெட்டோடு சேர்ந்து நகரும் நாக்கு வளையத்தை இடித்ததும் கம்பி சற்று அசைந்து, அடியில் உள்ள லிமிட் சுவிட்சைத் தட்டும். இதற்கும் அப்பால், பயணத்தின் இரு கோடிகளிலும் இறுதிச் சுவிட்சுகள் இருக்கலாம். இவற்றோடு மென்பொருளில் வைக்கும் விசை வரம்பு, நகர்வு வரம்பு, முறிவைக் கண்டறியும் வரம்பு ஆகியவையும், கவசக் கதவு இருந்தால் அதன் சுவிட்சும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது.

படி 2: பொருத்தும் வேலைக்கான வேகத்தைக் குறையுங்கள்

ஜாக் வேகத்துக்கு இரண்டு மதிப்புகள் வையுங்கள். கை உள்ளே போக வாய்ப்பில்லாத தூரத்தில், கிராஸ்ஹெட்டை அரை மீட்டர் நகர்த்தும்போது ஒன்று. பிடிகளோ, அழுத்தச் சோதனைக்கான தட்டுகளோ ஒன்றையொன்று நெருங்கும்போது மற்றொன்று. இரண்டாவது மதிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு வெளி அளவுகோல் உண்டு. தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் இயந்திரங்களுக்கான ஐரோப்பியத் தரம், கை அருகில் இருக்கக்கூடிய மெதுவான மூடுவேகத்துக்கு நொடிக்கு 10 மி.மீ. என்ற மேல்வரம்பை வைத்திருக்கிறது. அது நிமிடத்துக்கு 600 மி.மீ. ஆகும். அந்த இயந்திரங்களில் பொத்தானை விட்டால் நிற்கும் அமைப்பும் வேறு காவல்களும் சேர்ந்தே இருப்பதால், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து. விரலுக்கும் இரும்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர்களே இருக்கும் வேலைக்கு நிமிடத்துக்கு 50 மி.மீ. போதும், அந்தத் தட்டுகளை மாதிரியின்மேல் இறக்கும் கடைசி 5 மி.மீ. தூரத்துக்கு 10 மி.மீ. போதும். நிமிடத்துக்கு 50 மி.மீ. என்றால் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரல் நசுங்கத் தொடங்குவதை உணர்ந்து கையை இழுத்துக்கொள்ள ஒருவருக்கு நேரம் கிடைக்கிற வேகம் அதுவே.

பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டுமே கிராஸ்ஹெட் நகர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். ஒருமுறை தட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு மென்பொருளில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் தொடக்க இடத்துக்குத் தானாகத் திரும்பும் வசதியையும் அதே நேரத்தில் அணையுங்கள். முறிந்த துண்டுகளை எடுக்க ஒருவர் கையை நீட்டும் அதே நொடியில், கிராஸ்ஹெட் முழு வேகத்தில் கீழே வருவது அந்த வசதியால்தான். நாளொன்றுக்கு நூறு மாதிரி இழுக்கும் கூடங்களில் நேரம் மிச்சமாகிறது என்று அதை விட்டுவைக்கிறார்கள். நேரம் அவ்வளவு முக்கியமென்றால் திரும்பும் வேகத்தைக் குறைத்து, திரும்புவதற்கு முன் இயக்குபவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்று வையுங்கள்.

நிலைகளைத் தாமே பிரித்துக்காட்டும் புதிய இயந்திரங்களில், பொருத்தும் நிலையில் வேகமும் நியூமேட்டிக் கிரிப்பின் காற்றழுத்தமும் குறைந்தே இருக்கும். சோதனை நிலைக்குப் போக, கையில் பிடித்து இயக்கும் ஹேண்ட்செட்டில் ஒரு பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும். இது இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்தப் படியைத் தவிர்க்க வழி தேடுவோர் உண்டு. அந்த ஒரு அழுத்தம், "என் கை வெளியே வந்துவிட்டது" என்று இயக்குபவர் தரும் உறுதிமொழி. அதைத் தவிர்க்க விடாதீர்கள்.

படி 3: தாண்டும் தூரத்தை அளந்து, வளையங்களை வையுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலான கூடங்களில் யாரும் செய்வதில்லை. இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மாதிரியையும் கீழ்ப் பிடியையும் கழற்றிவிட்டு, கிராஸ்ஹெட்டுக்கு இரு பக்கமும் தாராளமான இடம் இருக்கும்படி நடுப்பயணத்தில் கீழ் வளையத்தை இறுக்குங்கள். நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகத்தில் இறக்கி, லிமிட் சுவிட்ச் தட்டி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராஸ்ஹெட்டை மேலே ஏற்றி, 50, 200, 500 மி.மீ., அதன்பின் இயந்திரத்தின் உச்ச வேகம் என்று ஒவ்வொன்றிலும் இறக்கி, ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தைக் குறியுங்கள். முதல் இடத்துக்கும் இந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் தாண்டும் தூரம். ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து முறை செய்து, சராசரியை அல்ல, மிக மோசமான மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில இயந்திரங்களில் டிரைவ் துண்டிக்கப்பட்டதும் திரையில் தெரியும் நகர்வு எண்ணும் உறைந்துவிடும், அதன்பின் நடந்த நகர்வு பதிவாகாது. ஆகவே காந்த அடியுள்ள டயல் கேஜையோ, உயரமானியையோ கொண்டு அடித்தட்டிலிருந்து நேரடியாக அளப்பதே நம்பத்தக்கது. எமர்ஜென்சி ஸ்டாப்புக்கும் இதே அளவீட்டைச் செய்து பாருங்கள். ஆனால் அங்கே மனிதனின் எதிர்வினை நேரமும் சேர்கிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கையை நீட்டிப் பொத்தானைக் குத்த ஒரு நொடி ஆனால், நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் கிராஸ்ஹெட் அதற்குள் 8 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருக்கும். விரலின் தடிமனே ஏறத்தாழ அதைவிடச் சற்றுத்தான் அதிகம்.

அளவு கையில் கிடைத்தபின், அன்றைய பிடி அல்லது தட்டுக்கு ஏற்ப வளையத்தை வையுங்கள். மேல் தட்டும் கீழ்த் தட்டும் தொடும் இடத்திலிருந்து, உச்ச வேகத்தில் தாண்டும் தூரத்தையும் ஓரளவு கூடுதலையும் சேர்த்து மேலே வைத்து இறுக்க வேண்டும். அளவிட்ட தூரம் 3 மி.மீ. என்றால் வளையத்தை 6 மி.மீ. மேலே வைப்பதில் தவறில்லை. இழுவிசைச் சோதனையில் பிடிகள் மோதிக்கொள்ளாத இடைவெளி வேண்டும். ஐ.எஸ்.ஓ. 13854 தரம், உடலுறுப்பு நசுங்காமலிருக்க விட வேண்டிய குறைந்த இடைவெளிகளைத் தருகிறது: விரலுக்கு 25 மி.மீ., கைக்கும் மணிக்கட்டுக்கும் 100 மி.மீ., புயத்துக்கு 120 மி.மீ. மாதிரியின் நீளம் இடம் கொடுக்குமானால், இரு பிடிகளுக்கிடையே 100 மி.மீ.க்குக் கீழே கிராஸ்ஹெட் இறங்கவே முடியாதபடி வளையத்தை வைத்துவிட்டால், பாதி ஆபத்து அங்கேயே நீங்கிவிடும்.

பிடியை மாற்றும் ஒவ்வொரு முறையும் வளையத்தை மாற்ற வேண்டும். நீளமான வெட்ஜ் கிரிப்புக்கு (ஆப்பு வடிவப் பிடிக்கு) வைத்த வளையம், மறுநாள் அதே இயந்திரத்தில் மாட்டும் வளைவுச் சோதனைச் சட்டத்துக்கு எந்தக் காவலும் தராது. வளையத்தின் திருகாணியை ஒவ்வொரு மாற்றத்திலும் ஆலன் கீயால் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த வளையம் நாக்கு இடித்ததும் கம்பியில் வழுக்கிக்கொண்டு கீழே போகுமே தவிர, சுவிட்சைத் தட்டாது.

படி 4: விசை வரம்பை மிகப் பலவீனமான பாகத்துக்கு வையுங்கள்

100 கிலோ நியூட்டன் இயந்திரம் என்பது சட்டத்தின் திறனை மட்டுமே குறிக்கிறது. சட்டம், விசையை அளக்கும் லோடு செல், இணைப்புப் பின், கிரிப், மாதிரியைத் தாங்கும் சாதனம் என்ற சங்கிலியில் எது குறைந்த திறன் கொண்டதோ, அதில் 80 முதல் 90 சதவீதத்தை விசை வரம்பாக வையுங்கள். 5 கிலோ நியூட்டன் லோடு செல்லை மாட்டியிருக்கும்போது மென்பொருள் இன்னும் 100 கிலோ நியூட்டன் செல்லைத் தேர்ந்திருந்தால், காட்டும் விசையும் தவறு, காவலும் இல்லை. செல்லைத் தானே அடையாளம் காணும் இயந்திரங்களில் இந்தத் தவறு நேராது; பழைய இயந்திரங்களில் செல்லை மாற்றியதும் அறிந்த எடை ஒன்றைத் தொங்கவிட்டு, எண் சரியாக வருகிறதா என்று பார்த்தபின்தான் மேலே போக வேண்டும்.

டேர் செய்வதில், அதாவது தொங்கும் எடையைக் கழித்துத் திரையைப் பூச்சியமாக்குவதில், ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 500 நியூட்டன் செல்லில் 5 கிலோ எடையுள்ள கிரிப் தொங்கினால், செல் ஏற்கெனவே ஏறத்தாழ 49 நியூட்டனைத் தாங்குகிறது. டேர் செய்ததும் திரை பூச்சியம் காட்டும். வரம்பு இந்தப் பூச்சியத்திலிருந்து கணக்கிடப்படும் மென்பொருளில், இழுக்கும் திசையில் செல்லின் உண்மையான சுமை நீங்கள் நினைப்பதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கும். எனவே சிறிய செல்களில் கிரிப்பின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வேக வரம்பு இல்லாமல் விசை வரம்பால் மட்டும் செல்லைக் காப்பாற்ற முடியாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். இரும்புத் தட்டு இரும்புத் தட்டைத் தொடும்போது, சட்டமும் செல்லும் சேர்ந்த விறைப்பு மி.மீ.க்கு 50 கிலோ நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோ நியூட்டன் செல்லின் முழுத்திறனை எட்ட 0.1 மி.மீ. நகர்வே போதும். நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் அந்த 0.1 மி.மீ.ஐக் கடக்க 12 மில்லி நொடிதான் ஆகும். அந்த நேரத்துக்குள் விசையை அளந்து, வரம்பைத் தாண்டியதை உணர்ந்து, மோட்டாரை நிறுத்தி, கிராஸ்ஹெட்டும் நின்றாக வேண்டும். நடைமுறையில் அதற்குள் செல் கெட்டுப்போயிருக்கும். அதே தொடுதல் நிமிடத்துக்கு 10 மி.மீ. வேகத்தில் நிகழ்ந்தால் 0.6 நொடி கிடைக்கிறது. எந்தச் சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அது போதுமான நேரம். லோடு செல்லுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு எலும்புக்கும் பொருந்தும்.

நகர்வு வரம்பையும் சோதனைக் கோப்பில் எழுதுங்கள். மாதிரி கிரிப்பில் வழுக்கினால் விசை ஏறாது, முறிவும் பதிவாகாது, கிராஸ்ஹெட் போய்க்கொண்டே இருக்கும். எதிர்பார்க்கும் நீட்சியின் ஒன்றரை மடங்கில் நிற்கும்படி வைத்தால் போதும்.

படி 5: கிரிப்பும் கவசமும்

நியூமேட்டிக் கிரிப் மூடும் வேகம் கிராஸ்ஹெட்டின் வேகத்தைவிடப் பன்மடங்கு அதிகம். வேக வரம்பு இதற்குப் பொருந்தாது என்பதை மறந்துவிடக் கூடாது. கால் மிதி இரண்டு கட்டமுள்ளதாக இருந்தால், முதல் கட்டத்தில் குறைந்த அழுத்தத்தில் மாதிரியைப் பற்றவைத்து, விரலை எடுத்தபின் இரண்டாவது கட்டத்தை அழுத்த வேண்டும். மிதிக்கு மேலே மூடி இருக்க வேண்டும். மூடியில்லாத மிதியை நகர்ந்து நிற்கும் கால் தற்செயலாக மிதித்துவிடும். கிரிப்பின் வாயை மாதிரியின் தடிமனைவிடச் சில மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாகத் திறந்துவைத்தால், விரல் நுழையவே இடமிருக்காது.

வெட்ஜ் கிரிப் மூடும்போது மாதிரியில் அழுத்த விசை உண்டாகும். அதைத் தவிர்க்கச் சில இயந்திரங்கள் விசையைப் பூச்சியத்தருகே வைத்திருக்கத் தாமாகவே கிராஸ்ஹெட்டைச் சிறிது நகர்த்தும். இந்த வசதி நல்லதுதான், ஆனால் இது இயங்கும் நேரத்தில் யாரும் பொத்தானை அழுத்தாமலேயே கிராஸ்ஹெட் நகரும் என்பதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பாலிகார்பனேட் கவசக் கதவு திறந்திருந்தால் சோதனை தொடங்கக் கூடாது. ஓடும் சோதனையில் திறந்தால் நிற்க வேண்டும். திறந்த நிலையில் மெதுவான ஜாக் மட்டும் அனுமதிக்கலாம். கதவு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் நிற்கும் நேரமே தீர்மானிக்கிறது. ஐ.எஸ்.ஓ. 13855 தரம் கையின் அணுகுவேகத்தை நொடிக்கு 1.6 முதல் 2 மீட்டர் வரை எடுத்துக்கொள்கிறது. கதவு திறந்தபின் இயந்திரம் நிற்க 0.3 நொடி ஆனால், அதற்குள் கை அரை மீட்டர் போய்விடும். அவ்வளவு இடம் இல்லாத மேசை இயந்திரங்களில், கிராஸ்ஹெட் நிற்கும்வரை கதவைப் பூட்டியே வைத்திருக்கும் சுவிட்ச் தேவை. சுவிட்சின் நாக்கைத் தனியாக வாங்கிச் செருகிவைத்து, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை ஏமாற்றும் பழக்கத்தை எங்கே கண்டாலும் அன்றே நிறுத்துங்கள். கதவைத் தின்னராலும் அசிட்டோனாலும் துடைக்கவும் கூடாது. பாலிகார்பனேட் அவற்றால் நுண்விரிசல் கண்டு, தெறிக்கும் துண்டைத் தாங்கும் வலுவை இழக்கும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

படி 6: எக்ஸ்டென்சோமீட்டரை எடுக்கும் நேரம்

சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது கை உள்ளே போகும் ஒரே தருணம் இது. மாதிரியின்மேல் மாட்டி அதன் நீட்சியை அளக்கும் இணைப்பு வகை எக்ஸ்டென்சோமீட்டரை மாதிரி முறியும்வரை விட்டுவைத்தால் அது கெட்டுப்போகும் என்பதால், விளைவு வலிமை பதிவானதும் கழற்றுவது வழக்கம். அப்போது ஐ.எஸ். 1786 தரத்தின் எஃப்.இ. 500டி ரகக் கம்பி, 25 மி.மீ. விட்டமுடையதென்றால், குறைந்தது 245 கிலோ நியூட்டன் விசையில் நிற்கிறது.

இதைச் செய்தே ஆக வேண்டுமானால், கழற்றும் புள்ளியைச் சோதனைக் கோப்பிலேயே விளைவுக்குச் சற்றுப் பின்னாக எழுதி, அங்கே கிராஸ்ஹெட் தானாக நிற்கும்படி வையுங்கள். கழற்றுபவர் பக்கவாட்டில் நின்று, முகத்தை மாதிரிக்கு நேரே கொண்டுவராமல், ஒரு கையால் எடுக்க வேண்டும். கதவை மூடி, மற்றவர் "கை வெளியே" என்ற சொல்லைக் கேட்டபின்தான் சோதனையைத் தொடர வேண்டும். கணினியில் ஒருவரும் கிரிப்பருகே ஒருவருமாக இருவர் வேலை செய்யும் இடங்களில் எப்போதும் ஒரு விதி வேண்டும்: யாருடைய கை உள்ளே இருக்கிறதோ, அவர் கையில்தான் ஹேண்ட்செட் இருக்க வேண்டும். உச்சம்வரை தாங்கக்கூடிய எக்ஸ்டென்சோமீட்டரோ, தொடாமல் அளக்கும் வீடியோ வகையோ வாங்க நிதி இருந்தால், இந்தப் படியே தேவைப்படாது. செலவுக்கு முன்னுரிமை கேட்கும் ஆய்வகத்தில் நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

ஹைட்ராலிக் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு

40 டன், 60 டன், 100 டன் ஹைட்ராலிக் யு.டி.எம்.களில் நகரும் பாகங்கள் இரண்டு. எண்ணெய் அழுத்தத்தால் ரேம் என்ற பிஸ்டன் ஏறுகிறது. நடுக் கிராஸ்ஹெட்டைத் தனி மோட்டார் ஸ்குரூக்களைச் சுற்றி ஏற்றி இறக்குகிறது. அவசரப் பொத்தான் இரண்டு மோட்டார்களையும் துண்டிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பம்பை மட்டும் நிறுத்தும் பழைய இணைப்புகள் உண்டு. கிராஸ்ஹெட் மோட்டாருக்குப் பெரும்பாலும் ஒரே வேகம்தான், மென்பொருளால் குறைக்க முடியாது. ஆகவே பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி, சிறு சிறு நகர்வாகக் கொண்டுவருவதே இங்கே வேக வரம்பின் இடத்தைப் பிடிக்கிறது.

மும்முனை மின்சாரத்தில் இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறினால் அந்த மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். 'மேலே' பொத்தானை அழுத்தினால் கிராஸ்ஹெட் கீழே வரும். அதைவிட மோசமானது, லிமிட் சுவிட்ச் பயனற்றுப்போவது: கீழ்ச் சுவிட்ச் துண்டிப்பது 'கீழே' கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்சை) மட்டுமே, அப்போது ஓடிக்கொண்டிருப்பதோ 'மேலே' கான்டாக்டர். எனவே மின்வாரிய வேலை, ஜெனரேட்டர் மாற்றம், பேனல் பழுது எது நடந்தாலும், மறுமுறை இயக்கும்போது கிராஸ்ஹெட்டை நடுவில் வைத்து ஒரு கணம் மட்டும் பொத்தானைத் தட்டித் திசையைப் பாருங்கள். ஃபேஸ் வரிசையைக் கண்காணிக்கும் ரிலே ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்த அபாயம் நிரந்தரமாக நீங்கும், விலையும் அதிகமில்லை.

நின்ற பிறகு

அவசரப் பொத்தான் நகர்வை நிறுத்துகிறது, விசையை நீக்குவதில்லை. மேலே சொன்ன 25 மி.மீ. கம்பி அதன் குறைந்தபட்ச உச்ச வலிமையான 565 நியூட்டன்/சதுர மி.மீ.ஐ எட்டும்போது விசை 277 கிலோ நியூட்டன். கம்பியும் சட்டமும் சேர்ந்து 2 மி.மீ. மீள்நீட்சி கொண்டிருந்தால், அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 277 ஜூல். 28 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் வந்து சேரும் ஆற்றல் அது. கயிறும் பெல்ட்டும் அதிகம் நீளுவதால் அவற்றில் தேங்கும் ஆற்றல் இன்னும் கூடுதல். ஆகவே நின்ற இயந்திரத்தில் கிரிப்பை உடனே திறக்காதீர்கள். திரையில் விசை எவ்வளவு என்று பாருங்கள், திரை இருண்டிருந்தால் மாதிரி சுமையோடு இருப்பதாகவே கொள்ளுங்கள். காரணம் தெரிந்து, எல்லோரும் விலகியபின், பொத்தானை விடுவித்து, ரீசெட் செய்து, மிக மெதுவான ஜாக் வேகத்தில் விசையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தத் திசையில் நகர்த்தினால் விசை குறையும் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்துவது நல்ல பழக்கம். ஹைட்ராலிக் இயந்திரத்தில் பம்ப் நின்றாலும் எண்ணெய் அழுத்தம் ரேமின் அடியிலேயே இருக்கும். ரிலீஸ் வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும்.

பழுது பார்க்க உள்ளே கை வைப்பதற்கு அவசரப் பொத்தான் போதாது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பால் ஸ்குரூவில் கிராஸ்ஹெட்டைத் தாங்கிப்பிடிப்பது மோட்டாரின் பிரேக்தான் என்பதால், பிரேக்கையோ மோட்டாரையோ கழற்றும் முன் கிராஸ்ஹெட்டுக்கு அடியில் கனமான முட்டுக்கட்டை வையுங்கள்.

சரிபார்ப்பு

ஒவ்வொரு வேலைநாளும், முதல் மாதிரிக்கு முன்பு, குறைந்த வேகத்தில் கிராஸ்ஹெட்டை ஓட்டி எமர்ஜென்சி ஸ்டாப்பை ஒருமுறை அழுத்துங்கள். கதவைத் திறந்து பாருங்கள். இரு வளையங்களையும் கையால் அசைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும்.

மாதம் ஒருமுறை மின்பணியாளரோடு பேனலைத் திறக்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பின் இணைப்பு இயல்பில் மூடியிருக்கும் வகை; வயர் அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும் என்பதற்காகவே அப்படி அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் காளான் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கான்டாக்ட் பிளாக் அதிர்வில் கழன்று தொங்கினால், தலையை எவ்வளவு அழுத்தினாலும் இணைப்பு மூடியே இருக்கும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பொத்தான் முழுமையாகவே தெரியும். அந்தப் பிளாக்கைக் கையால் இழுத்துப் பாருங்கள். மாற்ற வேண்டி வந்தால், கழன்றாலே சுற்றைத் துண்டிக்கும் தற்கண்காணிப்பு வகையை வாங்குங்கள். இரண்டு சேனல் உள்ள பாதுகாப்பு ரிலே என்றால், ஒரு சேனலின் வயரை மட்டும் கழற்றி, ரிலே அதை உணர்ந்து ரீசெட் ஆக மறுக்கிறதா என்று பாருங்கள். மறுக்கவில்லையென்றால் ஒரு சேனல் ஏற்கெனவே செத்துப்போய், மற்றொன்றின் மீதே எல்லாம் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆண்டுதோறும் ஐ.எஸ். 1828 தரப்படி விசை அளவுத்திருத்தம் நடக்கும் நாளில், படி 3இல் சொன்ன தாண்டும் தூரத்தையும் மறுபடி அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிரேக் தேய்வதும், டிரைவின் அமைப்பு யாராலோ மாற்றப்பட்டதும் அந்த எண்களில்தான் முதலில் தெரியும். பழைய மதிப்பைவிட ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தாலும், காரணம் தெரியும்வரை ஜாக் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வளையங்களை அதற்கேற்பத் தள்ளி வைத்து, அந்த மாற்றத்தைத் தேதியோடு இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.